ஒரு நாள் என்பது எவ்வளவு நேரம்?



ஒரு நாள் என்பது எவ்வளவு நேரம் என்று உங்களை ஒருவர் கேட்டால், "இஃதென்ன கேள்வி!" என்று நகைப்பீர்கள். 24 மணி நேரம் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். நம் முன்னோர் அதனையே 60 நாழிகை என்றனர். நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் வானநூல் பாடத்தை இக்கேள்வியைக் கொண்டே தொடங்குவது வழக்கம். விடை சொல்ல எல்லாக் கைகளும் உயரும். "எதை வைத்து 24 மணி என்கிறாய்?" என்பது என் அடுத்த கேள்வி. உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாய்க் கீழே இறங்கும்.

விண்வெளியின் விந்தைகளைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் பெரிய எண்களையே அடுக்குவர். இத்தனை கோடி மைல் என்பர். அத்தனை கோடி விண்மீன் என்பர். கேட்ட மாத்திரத்தில் மலைக்கச் செய்யும் அவ்வெண்கள் மறுநாள் நினைவில் நிற்பதில்லை. ஆகவே இன்று அவற்றை விட்டுவிட்டு, நாள் என்னும் சிறு சொல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது ஒவ்வோர் உலகத்திலும் என்ன பாடுபடுகின்றது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சோதனை. இதற்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. இன்றிரவு வீட்டு முற்றத்தில் ஓரிடத்தில் நின்று, எதிர்வீட்டு மாடிச் சுவரின் விளிம்பை நோக்குங்கள். பளிச்சென்ற விண்மீன் ஒன்று அவ்விளிம்பின் பின்னே மறையும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 8 மணி என்று வைத்துக்கொள்வோம். நாளை அதே இடத்தில் நின்று பாருங்கள். அவ்விண்மீன் 8 மணிக்கு மறையாது; 7 மணி 56 நிமிடத்திற்கே மறைந்துவிடும். மறுநாள் 7 மணி 52 நிமிடம். ஒரு வாரம் சென்றால் ஏறத்தாழ அரைமணி நேரம் முந்திவிடும்.

ஏன் இவ்வாறு? பூமி தன்னைத்தானே ஒருமுறை சுழன்று முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் 23 மணி 56 நிமிடம் 4 வினாடிதான். ஆனால் அதற்குள் பூமி கதிரவனை வலம்வரும் பாதையில் ஏறத்தாழ ஒரு பாகை தூரம் நகர்ந்துவிடுகின்றது. ஆகவே மீண்டும் கதிரவனை நேர்ப்பட நோக்க அது இன்னும் சிறிது திரும்பியாக வேண்டும். அந்தச் சிறிதுதான் நான்கு நிமிடம். விண்மீனை வைத்துக் கணக்கிட்டால் ஒரு நாள். கதிரவனை வைத்துக் கணக்கிட்டால் வேறொரு நாள். இந்த நான்கு நிமிடத்தை மறவாதீர்கள். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

இனிச் சந்திரனுக்குச் செல்வோம். மாடு பூட்டிய மரச்செக்கை நேரில் கண்டவர்கள் உங்களுள் சிலரே இருப்பர், படத்திலாவது கண்டிருப்பீர்கள். செக்கின் நடுவே ஒருவன் அமர்ந்திருந்தால், சுற்றிவரும் மாட்டின் ஒரு பக்க விலாவை மட்டுமே அவன் காண்பான். சற்றுத் தொலைவில் சுவரோரம் நிற்பவனோ முகத்தையும் காண்பான், வாலையும் காண்பான், இரு பக்க விலாவையும் காண்பான். ஒருமுறை வலம்வருவதற்குள் மாடு ஒருமுறை திரும்பியும் விடுகின்றது என்பதே இதன் பொருள். சந்திரன் நமக்குச் செக்குமாடு. அதன் மறுபக்கத்தை 1959ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சோவியத் நாட்டின் லூனா 3 படமெடுத்து அனுப்பும் வரை மனிதர் எவரும் கண்டதில்லை. அதனை இருண்ட பக்கம் என்று சிலர் எழுதுகின்றனர். அது பொருந்தாது. அங்கும் கதிரவன் உதிக்கின்றான், மறைகின்றான்.

சந்திரனில் ஓர் உதயத்திற்கும் அடுத்த உதயத்திற்கும் இடையே நம் கணக்கில் ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள் செல்லும். பகல் இரண்டு வாரம். இரவு இரண்டு வாரம். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் நமது சந்திரயான் 3 அங்கே இறங்கியபோது, அவ்விடத்தில் பொழுது விடிந்துகொண்டிருந்தது. அது தற்செயல் அன்று. கதிரொளியால் இயங்கும் அக்கருவிக்கு ஒரு முழுப் பகலும் கிட்ட வேண்டும் என்று அறிஞர்கள் அந்த வேளையைத் தேர்ந்தெடுத்தனர். அத்திட்டத்தின் இயக்குநர் நம் விழுப்புரத்தைச் சேர்ந்த திரு. வீரமுத்துவேல் என்பதை நீங்கள் அறிவீர்கள். இரண்டு வாரம் உழைத்த அக்கருவி, சந்திரனில் இரவு கவிந்தபின் மீண்டும் விழிக்கவில்லை. அதன் ஆயுட்காலம் முழுவதும் அவ்வுலகக் கணக்கில் ஒரே ஒரு பகல்.

செவ்வாயில் நாள் நம்முடையதைப் போன்றதே. 1659ஆம் ஆண்டிலேயே ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ், செவ்வாயின் மீது தெரிந்த கருந்திட்டு ஒன்றை வரைந்து வைத்து, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு இதனைக் கண்டார். இன்றைய கணக்கில் அங்கே ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 வினாடி. அந்த நாற்பது நிமிடம் பெரிதா என்று கேட்பீர்கள். 2004ஆம் ஆண்டு இரண்டு அமெரிக்க ஊர்திகள் அங்கே இறங்கின. அவற்றை இயக்கியோர் செவ்வாய் நேரப்படி வேலைக்கு வந்தனர். இன்று காலை 8 மணிக்கு வந்தவர் நாளை 8 மணி 40 நிமிடத்திற்கு வருவார். மூன்றரை வாரத்திற்குள் நள்ளிரவில் வருவார். செவ்வாய் நேரம் காட்டும் கைக்கடிகாரங்களையும் ஒரு கைவினைஞரைக் கொண்டு செய்வித்து அணிந்துகொண்டனர்.

அடுத்தது புதன். இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

புதன் கதிரவனை ஒருமுறை வலம்வர 88 நாள் ஆகின்றது. இத்தாலி நாட்டின் மிலான் நகரில் இருந்த வானநூல் அறிஞர் ஸ்கியாபரெல்லி, பல ஆண்டுகள் பொறுமையோடு அதனை நோக்கி, 1889ஆம் ஆண்டு ஒரு முடிவை வெளியிட்டார். புதனும் செக்குமாடே என்பது அம்முடிவு. அஃதாவது அதன் தற்சுழற்சியும் 88 நாள். ஒரு பக்கம் என்றும் கதிரவனை நோக்கிக் கொதித்துக்கொண்டிருக்கும். மறுபக்கம் என்றும் இருளில் உறைந்துகிடக்கும். பின்னர் பிரான்சு நாட்டில், இன்னும் பெரிய தொலைநோக்கியைக் கொண்டு பார்த்த அந்தோனியாதியும் அதையே உறுதிசெய்தார். பாடநூல்கள் அவ்வாறே எழுதின. இந்நிலை 76 ஆண்டுகள் நீடித்தது.

1965ஆம் ஆண்டு, புவெர்ட்டோ ரிக்கோ தீவில் அரெசிபோ என்னுமிடத்தில், மலைகளுக்கு நடுவே இயற்கையாய் அமைந்த பள்ளத்தில் பதித்திருந்த 305 மீட்டர் அகல ரேடியோ தொலைநோக்கியிலிருந்து, பெட்டன்கில், டைஸ் என்னும் இருவர் புதனை நோக்கி ரேடார் அலையை அனுப்பினர். அலை புதனில் மோதி எதிரொலித்து மீள ஏறத்தாழப் பத்து நிமிடம் ஆயிற்று. ரயில் வண்டி நம்மை நோக்கி ஊதிக்கொண்டு வரும்போது ஒலி கூர்மையாகவும், கடந்து செல்லும்போது தணிந்தும் கேட்கும் அல்லவா? சுழலும் உலகத்தின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகின்றது. மறு விளிம்பு விலகிச் செல்கின்றது. ஆகவே எதிரொலி சற்றுக் கூர்மையும் தணிவுமாய்ப் பரந்து வரும். எவ்வளவு பரந்திருக்கின்றது என்று அளந்தால் எவ்வளவு வேகமாகச் சுழல்கின்றது என்பது புலப்படும். அவ்விருவரும் அளந்து கண்ட விடை 88 நாள் அன்று. ஏறத்தாழ 59 நாள்.

அப்படியாயின் ஸ்கியாபரெல்லி கவனக்குறைவானவரா? இல்லவே இல்லை. அவருடைய கண்ணும் கையும் நேர்மையானவை. அவரை ஏய்த்தது வேறொன்று. புதன் எப்போதும் கதிரவனின் அருகிலேயே இருப்பதால், அதனை நன்கு காண உகந்த காலம் ஏறத்தாழ 350 நாளுக்கு ஒருமுறையே அமைகின்றது. இப்போது கணக்குப் போடுங்கள். 88ஐ நான்கால் பெருக்கினால் 352. புதனின் உண்மையான சுழற்சிக் காலம் 58.65 நாள், அதனை ஆறால் பெருக்கினாலும் 352. ஆகவே நல்ல பருவத்தில் பார்க்கும்போதெல்லாம் புதன் ஆறு சுற்றுச் சுற்றிவிட்டு அதே முகத்தைக் காட்டி நிற்கும். பார்ப்பவரோ அதனை நான்கு சுற்று என்று கொண்டார். ஒரு வீட்டிற்கு ஆண்டுதோறும் பொங்கலன்று மட்டுமே வரும் விருந்தினர், அவ்வீட்டில் நாள்தோறும் கரும்பும் சர்க்கரைப் பொங்கலும்தான் என்று கருதினால் அவர்மீது என்ன குற்றம்?

புதன் இருமுறை வலம்வருவதற்குள் மும்முறை சுழல்கின்றது என்பதை விளக்கியவர் இத்தாலியப் பேராசிரியர் கொலம்போ. இதனால் விளையும் வேடிக்கையைக் கேளுங்கள். அங்கே ஓர் உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை நம் நாள் 176 ஆகும். அஃதாவது புதனின் ஒரு நாள், புதனின் இரண்டு ஆண்டு. பொழுது விடியும்போது ஒரு குழந்தை பிறந்தால், மறுநாள் விடியும்போது அதற்கு இரண்டாவது பிறந்தநாள் கொண்டாடலாம். நம் பூமியின் நடுக்கோட்டில் கதிரவனோடு போட்டியிட்டு ஓட வேண்டுமானால் மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகம் வேண்டும். புதனிலோ மணிக்கு 3.6 கிலோமீட்டர் நடந்தால் போதும். மாலைப்பொழுது உங்களோடு நடந்துவரும், இரவே வாராது. இன்னொன்றும் உண்டு. புதன் தன் பாதையில் கதிரவனுக்கு மிக அருகில் வரும்போது விரைந்து செல்வதால், வானத்தில் கதிரவன் தயங்கி நின்று, சிறிது பின்னோக்கி நகர்ந்து, மறுபடி முன்னேறுகின்றான். சில இடங்களில் அவன் உதித்து, உடனே மறைந்து, மீண்டும் உதிப்பான்.

இத்தனையும் நமக்குச் சொன்ன அரெசிபோ தொலைநோக்கி இன்று இல்லை. அதன் வடங்கள் அற்று, 2020ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் அது இடிந்து வீழ்ந்தது.

வெள்ளியின் கதை இதனினும் விந்தை. அதனை எந்நாளும் அடர்ந்த மேகம் மூடியிருப்பதால், தரையைக் கண்ணால் கண்டு சுழற்சியைக் கணக்கிட வழியில்லை. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரேடார் அலை மேகத்தை ஊடுருவிச் சென்றது. வெள்ளி ஒருமுறை சுழல 243 நாள் ஆகின்றது. கதிரவனை வலம்வரவோ 225 நாளே. ஆண்டைவிடச் சுழற்சி நீண்டது! அதுவும் மற்றக் கோள்கள் பலவற்றிற்கும் எதிர்த்திசையில் சுழல்கின்றது. ஆதலால் மேகம் விலகினால் அங்கே கதிரவன் மேற்கில் உதிக்கக் காணலாம். பூமி கதிரவனை எட்டிப் பிடிக்க நான்கு நிமிடம் மிகுதியாய்ச் சுழல்கின்றது என்றேன். எதிர்த்திசையில் சுழலும் வெள்ளிக்கோ அந்தச் சந்திப்பு முன்னரே நேர்ந்துவிடும். ஆகவே உதயம் முதல் உதயம் வரை 117 நாள்.

ஆயினும் வெள்ளியில் ஒரு முழு நாளைக் கண்ட கருவி எதுவும் இன்றுவரை இல்லை. 1970இல் இறங்கிய வெனெரா 7 தரையிலிருந்து 23 நிமிடம் செய்தி அனுப்பியது. 1982இல் இறங்கிய வெனெரா 13 தாக்குப்பிடித்தது 127 நிமிடம். அங்கே வெப்பநிலை ஏறத்தாழ 465 பாகை செல்சியஸ். ஈயம் 327 பாகையிலேயே உருகிவிடும்.

வியாழன் இத்தனை பெரிய உடலை வைத்துக்கொண்டு பத்து மணி நேரத்திற்குள் ஒருமுறை சுழன்றுவிடுகின்றது. அந்த வேகத்தில் அதன் இடுப்பு பிதுங்கி, குறுக்களவு நெடுக்களவைவிட 9,000 கிலோமீட்டருக்கும் மேல் மிகுந்துள்ளது. சனியின் நாள் மட்டும் நெடுங்காலம் பிடிபடவில்லை. அதற்குக் கெட்டியான தரை இல்லை. அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு மலையும் இல்லை. அதன் வளையங்களில் ஓடும் நுண்ணிய அலைகளைக் காசினி என்னும் விண்கலம் பதிவுசெய்து வைத்திருந்தது. அக்கலம் 2017இல் சனிக்குள்ளேயே பாய்ந்து அழிந்தது. அப்பதிவுகளை ஆராய்ந்து 2019இல்தான் 10 மணி 33 நிமிடம் 38 வினாடி என்று கணக்கிட்டனர். யுரேனசோ படுத்துக்கொண்டே உருளும் கோள். அதன் துருவங்களில் 42 ஆண்டு பகலும் 42 ஆண்டு இரவும் மாறிமாறி வரும்.

நம் கதிரவ மண்டலத்தை விட்டு வெளியே ஒருமுறை எட்டிப்பார்ப்போம். 1967ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்னும் ஆராய்ச்சி மாணவி ஒரு ரேடியோ தொலைநோக்கியின் பதிவுகளைப் படித்துவந்தார். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 100 அடி நீளக் காகிதம் வெளிவரும். அதில் கால் அங்குல அளவில் ஒரு கிறுக்கல் அவர் கண்ணில் பட்டது. மோட்டார் வண்டியின் இடைஞ்சலாக இருக்கலாம் என்று எளிதாகத் தள்ளிவிட்டிருக்கலாம். அவர் பழைய காகிதங்களைத் தேடி எடுத்துப் பார்த்தார். அக்கிறுக்கல் நாள்தோறும் நான்கு நிமிடம் முந்தி வந்துகொண்டிருந்தது! மனிதர் செய்யும் இடைஞ்சல் கடிகாரப்படி வரும். விண்மீன்களே நான்கு நிமிடம் முந்தும். வந்தது வானத்திலிருந்துதான் என்பது தெளிவாயிற்று. கூர்ந்து பதிவுசெய்தபோது, 1.33 வினாடிக்கு ஒருமுறை தவறாமல் துடித்தது. வேற்றுலக மாந்தர் அழைக்கின்றனரோ என்று விளையாட்டாக அதற்குச் 'சிறு பச்சை மனிதர்' என்று பெயரும் இட்டனர். உண்மையில் அது, வெடித்து மடிந்த பெரு விண்மீன் ஒன்றின் இறுகிய உட்கரு. வினாடி கணக்கில் சுழல்வது. இவ்வகையில் இதுவரை கண்டவற்றுள் மிக விரைந்தது வினாடிக்கு 716 முறை சுழல்கின்றது. கால் மணி நேரமே நீளும் இந்தப் பேச்சு முடிவதற்குள் அங்கே 6,44,400 நாள் கழிந்திருக்கும்.

1974இல் இக்கண்டுபிடிப்பை முன்னிட்டு நோபல் பரிசு வழங்கியபோது அது அவருடைய ஆசிரியருக்குச் சென்றது, அவருக்கு இல்லை. அது முறையன்று என்பது என் எண்ணம். 2018இல் வேறொரு பெரும் பரிசாக முப்பது இலட்சம் டாலர் அவருக்குக் கிடைத்தது. அத்தொகை முழுவதையும் இயற்பியல் ஆராய்ச்சி மாணவர்களின் உதவித்தொகைக்கு அளித்துவிட்டார்.

பூமிக்குத் திரும்புவோம். நம் 24 மணியாவது நிலையானதா?

பவளப் பூச்சி நாள்தோறும் மெல்லிய சுண்ணாம்பு வரி ஒன்றை இட்டுக்கொண்டே வளர்கின்றது. ஆண்டுக்கு ஒருமுறை பட்டையாகவும் அடையாளம் விழும். அமெரிக்கப் புவியியல் அறிஞர் ஜான் வெல்ஸ், ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து கல்லாய்ச் சமைந்த பவளங்களில் இவ்வரிகளை உருப்பெருக்கியின் கீழ் எண்ணி, 1963இல் முடிவை வெளியிட்டார். ஓர் ஆண்டிற்குரிய பட்டையில் ஏறத்தாழ 400 வரி இருந்தன. ஆண்டின் நீளம் மாறவில்லை. அது 8,766 மணி. இதனை 400ஆல் வகுத்துப் பாருங்கள். அன்று ஒரு நாள் என்பது 22 மணிக்கும் சற்றுக் குறைவு.

காரணம் சந்திரன். அதன் ஈர்ப்பால் கடல் பொங்கி வற்றுகின்றது. அந்த ஓதம் சுழலும் பூமிமீது உராய்ந்து, வண்டிச் சக்கரத்தில் பிடித்த கட்டையைப் போல் அதனைத் தணிக்கின்றது. பூமி இழக்கும் சுழற்சியைச் சந்திரன் பெற்றுக்கொண்டு, ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்கின்றது. 1969இல் அங்கே இறங்கியோர் வைத்துவந்த கண்ணாடிமீது லேசர் ஒளியைப் பாய்ச்சி இதனை அளக்கின்றனர்.

நாளின் நீளம் நூறாண்டுக்கு ஒரு வினாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கிற்கும் குறைவாகவே கூடுகின்றது. இடையிடையே சிறிது விரைவதும் உண்டு. இவ்வளவு சிறியதை எவர் கவனிக்க முடியும்? பாபிலோன் நகரத்தில் ஒரு கணக்கர் கவனித்தார். தாம் எதனைக் கவனித்தோம் என்று அவரே அறியார். கி.மு. 136ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அங்கே கதிரவனை முழுமையாகக் கிரகணம் மறைத்தது. பகலில் வெள்ளியும் புதனும் வியாழனும் செவ்வாயும் தெரிந்தன என்று அவர் ஈரக் களிமண் பலகையில் கீறி வைத்தார். அப்பலகை உடைந்த துண்டுகளாய் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. பூமி அன்றும் இன்றைய வேகத்திலேயே சுழன்றதாகக் கொண்டு கணக்கிட்டால், அக்கிரகணத்தின் நிழல் பாபிலோன்மீது விழுந்திருக்க முடியாது. 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால், மேற்கே மத்தியதரைக் கடலில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் பாபிலோன் இருண்டது உண்மை. எடைக்கல்லில் உள்ள சிறு குறை பல ஆண்டு வாணிகத்தில் மூட்டை மூட்டையாய்த் தெரிவதுபோல, ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட நாள்களின் சிறு சிறு வேறுபாடு சேர்ந்து மூன்று மணிக்கும் மேலாகிவிட்டது.

இன்றைய அணுக் கடிகாரங்கள் பூமியைக் காட்டிலும் ஒழுங்காய் ஓடுகின்றன. பூமி பின்தங்கும்போது அதற்காகக் காத்திருக்கும் பொருட்டு, 1972 முதல் அவ்வப்போது உலகக் கடிகாரங்களில் ஒரு வினாடியைக் கூட்டிவந்தனர். இதுவரை அவ்வாறு கூட்டியவை 27. இவ்வழக்கத்தை 2035ஆம் ஆண்டிற்குள் விட்டுவிடுவதென 2022இல் நாடுகள் கூடி முடிவுசெய்துள்ளன. கடைசியாகக் கூட்டிய வினாடி, நம் இந்திய நேரப்படி 2017ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் காலை ஐந்தரை மணிக்குச் சற்று முன்னர் வந்தது. அப்போது உங்களுள் பெரும்பாலோர் உறங்கிக்கொண்டிருந்திருப்பீர்கள்.